பாவைப்பிள்ளையோட விளையாடினாப் பாடம் ஏறுமோ? மகள் தரம் 3

கோண்டாவில்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இதை ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்லை, அதான் இங்க எழுதுறன்.

மகளுக்கு எட்டு வயது. போன வருஷம் நல்லூர்த் திருவிழா நேரம் வீதிக் கடையில ஒரு பாவைப்பிள்ளை வாங்கிக் குடுத்தனான். முதலே ரெண்டு இருந்தது, அதில ஒண்டுக்கு ஒரு கை இல்லை. பள்ளிக்கூடத்தால வந்து சாப்பிட்ட கையோட மூண்டையும் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போயிடுவா. ஒண்டரை மணித்தியாலம், சில நாளைக்கு ரெண்டும் ஆகும்.

மாமிக்கு இது துண்டறப் பிடிக்கேல்லை. "இன்னும் ரெண்டு வருஷத்தில தரம் 5 புலமைப்பரிசில் சோதினை, இவள் இன்னும் பாவைப்பிள்ளைக்குத் தலை இழுக்கிறாள்" எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவா. பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்பவே ரெண்டு ரியூசனுக்குப் போகுது. எங்கட பிள்ளையைச் சேக்கப்போன இடத்தில ஒரு மாஸ்டர், "அதுகளை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ" எண்டார். நானும் பூட்டினன். பிள்ளை அழேல்லை, ஒண்டும் கேக்கவும் இல்லை. நாலாம் நாள் பின்னேரம் குசினிக்குள்ள போனா, மூண்டு வெறும் ஜாம் போத்தலை வரிசையா வைச்சு, அதுகளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறா. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. உடன திறந்து எடுத்துக் குடுத்திட்டன்.

அடுத்த நாள் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன். மூண்டு பிள்ளையளும் சுவரோட சாய்ஞ்சு இருக்குதுகள். இவ கையில அடிமட்டம். கை இல்லாத பிள்ளை 52இல இருந்து 27ஐக் கழிச்சு 35 எண்டு சொல்லிப்போட்டுதாம். "ரெண்டில இருந்து ஏழு போகாது எண்டுதானே நீ திருப்பிப்போட்டு ஏழில இருந்து ரெண்டைக் கழிச்சனீ? அப்பிடிச் செய்யக் கூடாது மகள்" எண்டு அதுக்கு விளங்கப்படுத்துறா. முதல் கிழமை இவவின்ர கணக்குக் கொப்பியில சிவப்புப் பேனையால பிழை போட்டு வந்தது இதே கணக்கு, இதே 35.

பிள்ளை இதால உண்மையாப் படிக்கிறாவோ, இல்லாட்டி நான்தான் என்ர ஆறுதலுக்கு அப்பிடி நினைக்கிறனோ? படிக்கிறா எண்டா நான் பக்கத்தில இருந்து என்ன செய்யலாம்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

உரும்பிராய்_ரீச்சர்:

பிள்ளை, நீங்கள் அலுமாரியைத் திறந்தது நல்ல காரியம். நான் 34 வருஷம் ஆரம்பப் பிரிவில படிப்பிச்சு ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்கோ.

முதல்ல அந்த 35. அது கவனமில்லாமல் விட்ட பிழை இல்லை. தரம் 2, 3இல அனேகமான பிள்ளையள் சின்ன இலக்கத்தைப் பெரிய இலக்கத்தில இருந்து கழிக்கலாம் எண்டு தாங்களே ஒரு சட்டம் வைச்சிருக்குங்கள். ரீச்சர் சிவப்பால வெட்டினா விடை பிழை எண்டு மட்டும்தான் பிள்ளைக்குத் தெரியும், எந்த இடத்தில பிழைச்சது எண்டு தெரியாது. உங்கட மகள் அந்தப் பிழையைத் தூக்கிக் கை இல்லாத பிள்ளையின்ர தலையில வைச்சுப்போட்டுத் தள்ளி நிண்டு பாத்திருக்கிறா. தன்ர பிழையை இன்னொருத்தரின்ர பிழையாப் பாக்கேக்கைதான் ஏன் பிழைச்சது எண்டு கதைக்க வாய் வரும். படிப்பிக்கிறவனுக்குத்தான் படிப்புக் கூட ஏறும் எண்டு நாங்கள் ஆசிரியர் எல்லாரும் அனுபவத்தில அறிஞ்சனாங்கள். பாவைப்பிள்ளை ஏசாது, சிரிக்காது, "இதுகூடத் தெரியாதோ" எண்டு கேக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு மாணவி வேற எங்க கிடைக்கும்?

ஆனா திருப்பிப்போடக் கூடாது எண்டு சொன்னவ, எப்பிடிச் செய்யிறது எண்டு சொன்னவவோ? அதை நீங்கள் எழுதேல்லை. அனேகமா அவவுக்கே அது இன்னும் வடிவா விளங்கியிராது. வீட்டு விளக்குமாத்தில இருந்து ஈர்க்கு கொஞ்சம் உருவி, விரல் நீளத்துக்கு முறிச்சு, பத்துப் பத்தா நூலால கட்டிக் குடுங்கோ. அஞ்சு கட்டும் ரெண்டு தனி ஈர்க்கும் 52. அதில 27 ஈர்க்கைப் பாவைப்பிள்ளைக்குக் குடுக்கவேணும். ரெண்டு கட்டு லேசாப் போகும். ஏழு தனி ஈர்க்குக்கு எங்க போறது? ஒரு கட்டை அவிழ்க்கத்தான் வேணும். அவிழ்த்தா நாலு கட்டும் பன்ரெண்டும். குடுத்து முடிய மிச்சம் ரெண்டு கட்டும் அஞ்சும், 25. நாங்கள் பள்ளிக்கூடத்தில "கடன் வாங்கு" எண்டு சொல்லிச் சொல்லிப் பிள்ளையளைக் குழப்பிப்போட்டம். கடன் எண்டா திருப்பிக் குடுக்கவேணும் எல்லோ, எப்ப ரீச்சர் குடுக்கிறது எண்டு ஒரு பெடியன் என்னட்டக் கேட்டவன். அவன் கேட்டது முழு நியாயம். அதுக்குப் பிறகு நான் கட்டை அவிழ் எண்டுதான் சொல்லுவன்.

அடுத்தது தமிழ். இதை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை, எனக்கு இதுதான் பெரிசு. இன்னொருக்கா கதவுக்குப் பின்னால நிண்டு உங்கட மகள் கதைக்கிறதைக் கேளுங்கோ. ரீச்சரா நிக்கேக்கை "அமைதியாக இருங்கள், கொப்பியைத் திறவுங்கள்" எண்டு வரும். அம்மாவா மாறினவுடன "வாடா செல்லம், சாப்பிடுவம்" எண்டு வரும். டொக்டர் எண்டா அது வேற குரல். எங்கட பிள்ளையளுக்கு வீட்டில கதைக்கிற தமிழ் ஒண்டு, புத்தகத்தில இருக்கிற தமிழ் இன்னொண்டு. "வந்தனான்" எண்டு கதைக்கிற பிள்ளை "வந்தேன்" எண்டு எழுதவேணும். அந்தப் புத்தகத் தமிழைப் பிள்ளை தன்ர வாயால, தன்ர விருப்பத்துக்குச் சொல்லிப் பாக்கிற இடம் இந்த விளையாட்டுத்தான். கட்டுரை எழுதேக்கை வசனம் முடிக்கத் தெரியாமல் முழிக்கிற பிள்ளையளை எத்தினையோ பேரைக் கண்டிட்டன். ரீச்சர் விளையாட்டு விளையாடின பிள்ளையளுக்கு "இருந்தது, வந்தார்கள், சென்றோம்" எண்டு முடிவு தானா வரும்.

இனி 1995. ஒக்ரோபர் 30 ராத்திரி யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த நாளை இங்க வாசிக்கிற கன பேர் மறந்திருக்கமாட்டியள். நாங்கள் மட்டுவில் பக்கம் ஒதுங்கினனாங்கள். கரண்ட் 1990 தொடக்கம் இல்லை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெயும் வைச்சுத்தான் வெளிச்சம். கொப்பி இல்லை, வெண்கட்டி இல்லை. ஒரு மாமரத்துக்குக் கீழ நாப்பது பிள்ளையளைச் சேத்துக்கொண்டு இருந்தன். என்ர கிழிஞ்ச சீலைத் தலைப்பில இலவம் பஞ்சு அடைஞ்சு ஒரு பாவைப்பிள்ளை தைச்சன். மற்றதுகளைப் பிள்ளையளே செய்ததுகள். சூப்பிக் காயவைச்ச பனங்கொட்டைதான் தலை. அந்தத் தும்பை ஈர்க்கால இழுத்துவிட்டா நல்ல மயிர் மாதிரி நிக்கும், ஒருத்தி பின்னல்கூடப் போட்டிருந்தாள்.

அதுகள் விளையாடினது இடம்பெயர்ந்த ஆக்களுக்கு அரிசி பங்கிடுற நிவாரண விளையாட்டு. கண்டதைத்தானே விளையாடும். மண்தான் அரிசி, பால்பேணிதான் அரிசி அளக்கிற சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. ஒரு நாள் நாலு பாவைக் குடும்பத்துக்கு மூண்டு கொத்து "அரிசி" வந்தது. பன்ரெண்டு சுண்டு, குடும்பத்துக்கு மூண்டு எண்டு ஒரு பெடியன் அளந்து குடுத்திட்டான். உடன ஒருத்தி எழும்பினாள். "என்ர வீட்டில ஆறு பேர். அவளின்ர வீட்டில ரெண்டு பேர். எப்பிடி ரெண்டு வீட்டுக்கும் மூண்டு சுண்டு?" அந்தப் பிள்ளையின்ர சொந்த வீட்டிலயும் ஆறு பேர்தான், எனக்குத் தெரியும். பிறகு எல்லாருமா ஆளை எண்ணிச்சினம். ஆறு, மூண்டு, ரெண்டு, ரெண்டு. பதின்மூண்டு பேர், சுண்டு பன்ரெண்டு. ஒண்டு குறையுது. நான் வாயைத் திறக்கேல்லை. கனநேரம் சண்டை. கடைசியில ஒரு சின்னவள், தரம் 2 பிள்ளை, சொன்னாள்: "அந்தப் பிள்ளை கைக்குழந்தை. அதுக்குச் சோறு வேண்டாம், பால்மா காணும்." கணக்குச் சரியா வந்திட்டுது.

பங்கிடுறது வேற, ஆளுக்குத் தக்கதாப் பங்கிடுறது வேற எண்டு தரம் 5, 6இல நாங்கள் மூச்சு வாங்கிப் படிப்பிக்கிறது. அதை ஏழு வயதுப் பிள்ளையள் பனங்கொட்டையை வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலத்தில கண்டுபிடிச்சதுகள். நான் ஆசிரியர் பயிற்சியில வைகொட்ஸ்கி எண்ட ரஷ்ய உளவியலாளரைப் பற்றிப் படிச்சனான். ஒரு தடியைக் குதிரை எண்டு வைச்சு ஓடுற பிள்ளை, ஒரு பொருளை அதின்ர அர்த்தத்தில இருந்து பிரிச்சுப் பாக்கப் பழகுது எண்டு 1933இல ஒரு விரிவுரையில விளக்கினவர். எழுத்தும் இலக்கமும் அப்பிடித்தானே, ஒண்டுக்குப் பதிலா இன்னொண்டு. படிக்கிற காலம் மனப்பாடம் செய்து எழுதினன். மட்டுவில் மாமரத்துக்குக் கீழதான் அது எனக்கு விளங்கினது.

நீங்கள் செய்யவேண்டியது என்னெண்டா, பிள்ளைக்கு ஒரு சிக்கலைக் குடுத்துப்போட்டு உங்கட வேலையைப் பாருங்கோ. "என்னட்ட 14 பிஸ்கட்தான் இருக்கு, உன்ர பிள்ளையள் மூண்டு பேருக்கும் நீயே பாத்துக் குடு" எண்டு சொல்லிட்டுக் குசினிக்குப் போங்கோ. மிஞ்சிற ரெண்டை என்ன செய்யிறா எண்டு பிறகு கேளுங்கோ. பக்கத்தில குந்தியிருந்து விடை சரியோ பிழையோ எண்டு பாத்தா அது விளையாட்டில்லாமல் போயிடும், பிள்ளைக்கு அது உடன தெரியும். பாவைப்பிள்ளைக்குப் பாட அட்டவணை போட்டுக் குடுக்கவும் வேண்டாம்.

தையல்_சுன்னாகம்:

ரீச்சரம்மா எழுதினதை வாசிச்சு அழுதிட்டன். நாங்களும் அந்த ராத்திரி நடந்த ஆக்கள்தான்.

நான் வீட்டில சட்டை தைக்கிறனான். எனக்கு ஒரு மகன், பத்து வயது. பாவைப்பிள்ளை விளையாட்டுப் பெட்டையளுக்கு எண்டு என்ர தமையனே சொன்னவர். அவன் கேக்கிறேல்லை. கனடாவில இருந்து மாமி அனுப்பின பார்பி ஒண்டு கிடந்தது. அதுக்குப் பாவாடை தைக்கவேணும் எண்டு வெட்டுத்துணி கேட்டான். எடு எண்டு குடுத்தன். நூலை இடுப்பைச் சுத்திப் பிடிச்சு, அடிமட்டத்தில வைச்சு 9 சென்ரிமீற்றர் எண்டு எழுதினான். நல்ல வேலை, நான்கூட அப்பிடிச் சொல்லிக் குடுக்கேல்லை. பிறகு 9 சென்ரிமீற்றருக்குச் சரியாத் துணியை வெட்டிக்கொண்டு வந்து நிக்கிறான். சுத்தினா முட்டுது, தைக்க இடமில்லை. சுருக்கும் வராது.

"அம்மா ஏன் காணேல்லை?" எண்டான். என்ர பாவாடை ஒண்டை எடுத்துக் குடுத்து, சுருக்கை விரிச்சுப் பார் எண்டன். விரிச்சு அளந்தான். இடுப்பைப்போல மூண்டு மடங்கு கிட்ட வந்தது. பிறகு 27, தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு, 29 எண்டு வெட்டினான். சரியா வந்தது. அந்தப் பார்பியின்ர உயரமும் கிட்டத்தட்ட 29 சென்ரிமீற்றர்தான், அதைப் பாத்து அவனுக்குப் பெரிய புதினம். அது ஆளின்ர அளவில ஆறில ஒண்டா செய்த பொம்மை எண்டு சொன்னன். உடன 29ஐ ஆறால பெருக்கி, "அப்ப இவ 174 சென்ரிமீற்றர் அம்மா, அப்பாவைவிட உயரம்" எண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கதவுநிலையோட நிக்கவைச்சு அளந்தான். அப்பா 168.

பெடியனை வைச்சிருக்கிற தாய்மாரும் இதை யோசியுங்கோ எண்டுதான் எழுதுறன்.

வடமராட்சியான்:

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப்போகிறேன், குறை நினைக்க வேண்டாம். எனக்கும் தரம் 4 பிள்ளை இருக்கிறாள், இதே கவலையில் தேடித் தேடி வாசித்தவன் நான்.

2020இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 8 வயதுவரையான 33 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பொம்மையோடு விளையாடும்போது மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். பிள்ளை தனியே பொம்மையோடு விளையாடினாலும், மற்றவர்களின் மனதை விளங்கிக்கொள்ள உதவும் பகுதி இயங்கியது. ரப்லெற்றில் தனியே விளையாடியபோது அது அந்தளவுக்கு இயங்கவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பியைச் செய்யும் மட்டெல் நிறுவனம் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அதில் கண்டது பிறர் மனதைப் பற்றியது. வாய்ப்பாடு பாடமாகும் என்று அதில் இல்லை.

இன்னொன்று. பொம்மை வாயால் என்ன வருகிறது என்பதும் முக்கியம். அதே நிறுவனம் 1992இல் விற்ற பேசும் பார்பிகள் சிலவற்றில், கணக்கு வகுப்புக் கஷ்டம் என்ற வசனமும் இருந்தது. எதிர்ப்பு வந்தபிறகுதான் அதை எடுத்தார்கள். நம் வீடுகளில் பொம்மைக்குப் பேசத் தெரியாது. வீட்டில் நாங்கள் சொல்வதைத்தான் பிள்ளை அதன் வாயில் வைக்கும். "உனக்குக் கணக்கு ஓடாது" என்று நாங்கள் சொன்னால் நாளைக்கு அதே வசனம் விறாந்தையில் கேட்கும். நான் என் மகளிடம் அப்படிச் சொன்னவன். அவள் தன் கரடிப் பொம்மைக்கு அதைச் சொல்வதை ஒரு நாள் கேட்டேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆகவே விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஏழாம் எட்டாம் வாய்ப்பாட்டைத் தினமும் பத்து நிமிடம் சத்தமாகச் சொல்ல வைத்தே ஆக வேண்டும். புலமைப்பரிசில் வினாத்தாள் நேரத்துக்குள் செய்வது, அதற்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

உரும்பிராய்_ரீச்சர்:

தம்பி சொன்னது சரி. வாய்ப்பாடு வாயாலதான் வரும், அதுக்குப் பாவைப்பிள்ளை உதவாது. வினாத்தாளும் அப்பிடித்தான். ஆனா தரம் 3 பிள்ளைக்கு வினாத்தாளை இப்ப தூக்கிக் குடுக்காதேங்கோ, இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. கரடிப் பொம்மைக் கதையை வெளிய சொன்னதுக்கு உங்களுக்கு நன்றி. அதைச் சொல்ல ஒரு தகப்பனுக்கு மனம் வேணும்.

முதல் எழுதேக்கை சுற்றாடல் பாடத்தை விட்டிட்டன். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில கொலு வைக்கேக்கை படிக்கட்டுக் கட்டுறதோட நிக்காமல், எந்தப் பொம்மை எந்தப் படி எண்டு பிள்ளையளையே தீர்மானிக்க விடுவன். கீழ்ப்படியில புல்லு மரம், ஓரறிவு. அடுத்தது சங்கு நத்தை, அதுக்கு மேல எறும்பு கறையான், பிறகு கண்ணும் சேர்ந்த நாலறிவு எண்டு நண்டு வண்டு, அஞ்சாம் படியில பறவை மிருகம், ஆறாம் படியில மனுசர். அதுக்கு மேல முனிவர், தேவர், தெய்வம். ஒன்பது படி. எறும்புக்குக் கண் இருக்குத்தானே ரீச்சர், அப்ப ஏன் கீழ எண்டு ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேக்கும். அண்டைக்கு எறும்பைப் பிடிச்சு வந்து கண்ணாடியால பாப்பம். இருக்குத்தான். பழைய ஆக்கள் வகுத்த முறை இது, இண்டைக்கு நாங்கள் வேற மாதிரிப் பிரிக்கிறம் எண்டு சொல்லிக் குடுக்க அதைவிட நல்ல நேரம் வராது.

கோண்டாவில்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மூண்டு கிழமையால திரும்ப எழுதுறன்.

ஈர்க்குக் கட்டைக் கட்டிக் குடுத்தன். ஒண்டும் சொல்லேல்லை. முதல் நாள் அதை விறகு எண்டு வைச்சுச் சமைச்சா. எனக்குச் சரியான ஏமாற்றம். ரெண்டாம் நாளும் விறகுதான். மூண்டாம் நாள் விறகு விக்கிற கடை வந்திட்டுது. கை இல்லாத பிள்ளைதான் கடைக்காரி. 27 விறகு கேட்ட ஆளுக்குக் கட்டை அவிழ்க்கமாட்டன், மூண்டு கட்டா வாங்கிக்கொண்டு போ எண்டு அவ சண்டை. வாங்க வந்த பிள்ளை, "அவிழ்த்துத் தாங்கோ, மிச்சத்தைத் தனியா வைச்சு வில்லுங்கோ" எண்டுது. ரெண்டு குரலும் இவதான். கடைசியில அவிழ்த்தா. "நாலு கட்டும் பன்ரெண்டும்" எண்டு தன்ர வாயால சொன்னதை நான் கேட்டன் ரீச்சர். போன கிழமை கொப்பியில கழித்தல் எட்டுக் கணக்கு, ஏழு சரி. பிழைச்சதில கையெழுத்துத்தான் குழப்பம்.

தமிழைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்ச பிறகு காது குடுத்துக் கேட்டன். உண்மைதான். கடைக்காரி வீட்டுத் தமிழ், ரீச்சர் புத்தகத் தமிழ். நேற்று "நீர் ஏன் தாமதமாக வந்தீர்?" எண்டு ஒரு பாவைப்பிள்ளையை மறிச்சு வைச்சிருந்தா. இந்த வீட்டில ஒருத்தரும் "தாமதம்" எண்ட சொல்லைப் பாவிக்கிறேல்லை.

வாய்ப்பாடும் நடக்குது, இரவு படுக்க முதல் பத்து நிமிஷம், வடமராட்சி அண்ணை சொன்னபடி. ரியூசனுக்கு இந்த வருஷம் அனுப்பேல்லை.

நிவாரணக் கதையை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் கதைக்கேல்லை, எழும்பி உள்ள போயிட்டா. அடுத்த நாள் விடியக் கிணத்தடியில இருந்து எதையோ சாம்பல் போட்டுத் தேய்ச்சுக்கொண்டிருந்தா. போய்ப் பாத்தா, கைபிடி வைச்ச பழைய சுண்டு ஒண்டு. இடம்பெயரேக்கை அரிசிப் பையோட கொண்டு போனதாம், திரும்பி வரேக்கை கொண்டு வந்ததாம். கழுவித் துடைச்சு, விறாந்தையில அந்த மூண்டு பாவைப்பிள்ளைக்கும் முன்னால வைச்சிட்டு, மகள் பள்ளிக்கூடத்தால வருமட்டும் பக்கத்தில கதிரை போட்டு இருந்தா.